புது ரோஜாவை உருவாக்க மரபணு மட்டும் போதுமா?

தோட்டக்கலை படித்துவிட்டு, ஓசூர் அருகே குடும்பத்தின் பசுமைக்குடிலில் ரோஜா வளர்க்கும் இளைஞர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “மரபணுவை மாற்றி நீல ரோஜாவைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று பள்ளியில் படித்த காலத்திலிருந்தே கேள்விப்படுகிறேன். இன்றுவரை ஒரு செடிகூடக் கண்ணில் படவில்லை, ஏன்? நாங்கள் அறுக்கும் ரோஜாவில் மணமே இல்லை. அதையாவது மரபியலால் திரும்பக் கொண்டுவர முடியாதா? வெளிநாட்டு ரகங்களுக்குச் செடிக்குச் செடி ராயல்டி கட்டுவதற்குப் பதிலாக நாமே ஒரு ரகத்தை உருவாக்கினால் என்ன?”

மூன்றையும் சேர்த்தே பேசலாம். மரபணுவைக் கண்டுபிடிப்பதும் அதைச் செடிக்குள் செலுத்துவதும் இன்று கொய்மலர், அதாவது அறுத்து விற்கும் பூ, இனப்பெருக்கத்தின் சிறிய பகுதிதான். அந்த மரபணு போய்ச் சேரும் செல் அதற்கு இடம் கொடுக்கிறதா, வரும் ஆயிரக்கணக்கான நாற்றுகளில் எதை வைத்துக்கொண்டு எதைப் பிடுங்கி எறிகிறோம் என்பவையே பெரிய பகுதி. செய்தித்தாள்களுக்கு முதலாவது பிடிக்கும். ரகத்தை உருவாக்குபவர்களின் வாழ்நாள் இரண்டாவதில் கழிகிறது.

நீலத்திலிருந்து தொடங்குகிறேன். பூக்கடையில் “புளூ ரோஸ்” என்று விற்பது சாயத் தண்ணீரைக் குடித்த வெள்ளை ரோஜா. அதை மறந்துவிடுங்கள்.

பூக்களின் சிவப்பு, ஊதா, நீலம் ஆகியவை பெரும்பாலும் ஆந்தோசயனின் என்ற ஒரே நிறமிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்த மூலக்கூறின் ஒரு வளையத்தில் ஹைட்ராக்சில் தொகுதி ஒன்று ஒட்டியிருந்தால் அது பெலார்கோனிடின். செங்கல் சிவப்பு, ஆரஞ்சு தரும். இரண்டு ஒட்டியிருந்தால் சயனிடின். சிவப்பும் மஜந்தாவும் தரும். மூன்று ஒட்டியிருந்தால் டெல்ஃபினிடின். ஊதாவுக்கும் நீலத்துக்கும் அதுவே அடிப்படை. மூன்றாவது தொகுதியை ஒட்டுவதற்கு ஒரு தனி நொதி வேண்டும். ரோஜா, கார்னேஷன், செவ்வந்தி மூன்றிலும் அந்த நொதி இல்லை. கொய்மலர்ச் சந்தையைத் தாங்கி நிற்கும் பூக்களில் மூன்றுக்கும் ஒரே குறை! கலப்பு செய்வது என்றால் உறவுக்குள் இருப்பதை எடுத்துத்தான் கொடுக்க முடியும். ரோஜா இனம் முழுவதிலுமே இல்லாத ஒன்றை எத்தனை தலைமுறை கலந்தாலும் வரவழைக்க முடியாது.

மெல்போர்னில் இருந்த கால்ஜீன் பசிபிக் என்ற சிறு நிறுவனமும் ஜப்பானின் மதுபான நிறுவனமான சன்டோரியும் 1990இல் கைகோத்தன. கால்ஜீன் பசிபிக் பிறகு ஃப்ளோரிஜீன் என்று பெயர் மாறியது. பெட்டூனியாவிலிருந்து அந்த நொதியின் மரபணுவை 1991இல் பிரித்தெடுத்துக் காப்புரிமையும் பெற்றார்கள். சீக்கிரமே நீல ரோஜா வந்துவிடும் என்றுதான் அப்போது பேச்சு. கார்னேஷனில் அந்த மரபணு வேலை செய்தது. ‘மூன்டஸ்ட்’ என்ற இளம் ஊதா கார்னேஷன் 1996இல் ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கு வந்தது. அதன் உடன்பிறப்புகள் கொலம்பியாவிலும் ஈக்வடாரிலும் வளர்ந்து உலகெங்கும் போயின. ஆனால் ரோஜாவில் பெட்டூனியாவின் மரபணு அசையவே இல்லை. பல பூக்களின் மரபணுக்களைப் போட்டுப் பார்த்து, கடைசியில் பான்சிப் பூவிலிருந்து எடுத்ததுதான் ரோஜாவில் டெல்ஃபினிடினை உண்டாக்கியது. 2004இல் அறிவிப்பு, 2009 நவம்பரில் ‘அப்ளாஸ்’ என்ற பெயரில் ஜப்பானில் விற்பனை. ஒரு பூ 2,000 முதல் 3,000 யென். மரபணு கையில் கிடைத்து 18 ஆண்டுகள் கழித்து!

அந்தப் பூவும் நீலமாக இல்லை. வெளிர் ஊதா என்று சொல்லலாம்; லாவெண்டர் என்றால் பொருத்தம். இதழிலிருந்த ஆந்தோசயனினில் மிகப் பெரும்பகுதி டெல்ஃபினிடினாக மாறியும் நீலம் வராததற்குக் காரணம் என்ன என்பதை வீட்டு அடுப்படியிலேயே பார்க்கலாம். பத்துப் பன்னிரண்டு சங்குப்பூக்களை வெந்நீரில் போடுங்கள். தண்ணீர் மையின் நீலத்துக்கு வரும். அதில் எலுமிச்சை பிழிந்தால் கண் முன்னே ஊதாவுக்கும் பிறகு இளஞ்சிவப்புக்கும் போய்விடும். நிறமி அதேதான், அமிலம் ஏறியதுதான் மாற்றம். இதழின் மேல்தோல் செல் ஒவ்வொன்றிலும் சாறு நிறைந்த ஒரு பை உண்டு. நிறமி அங்கேதான் தங்குகிறது. ரோஜாவில் அந்தச் சாறு நல்ல அமிலம். டெல்ஃபினிடினைக் கொண்டுபோய் அதற்குள் விட்டால் எலுமிச்சை பிழிந்த சங்குப்பூத் தண்ணீரின் கதிதான். சன்டோரிக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அதனால்தான் நூற்றுக்கும் மேற்பட்ட ரோஜா ரகங்களின் இதழ்ச் சாற்றைச் சோதித்து, அமிலம் குறைந்தவற்றைத் தாயாக எடுத்துக்கொண்டார்கள். அப்படியும் இவ்வளவுதான் வந்தது.

‘ஹெவன்லி புளூ’ என்ற வகை மார்னிங் குளோரி இதையே தலைகீழாகச் செய்கிறது. அதன் மொட்டு செவ்வூதா, விரிந்த பூ வான நீலம். மொட்டு விரியும்போது அந்தச் செல்லே சாற்றின் பிஎச் அளவை 6.6 லிருந்து 7.7க்கு ஏற்றிவிடுகிறது (இந்த எண் ஏறினால் அமிலம் குறைகிறது என்று பொருள்). பெரும்பாலான பூக்களில் நினைத்துப் பார்க்க முடியாத ஏற்றம் இது.

அமிலத்தோடும் கதை முடியவில்லை. ஜெர்மனியின் ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர் நூறாண்டுக்கு முன்பே, பளிச்சென்ற நீலமுள்ள கார்ன்ஃபிளவரிலும் சிவப்பு ரோஜாவிலும் இருப்பது ஒரே நிறமி என்று காட்டினார். இரண்டிலுமே சயனிடின்தான்! அமிலமும் காரமும்தான் காரணம் என்று அவர் நினைத்தார். கார்ன்ஃபிளவரில் ஆறு ஆந்தோசயனின், துணை நிறமியான ஃபிளவோன் ஆறு, ஓர் இரும்பு, ஒரு மக்னீசியம், இரண்டு கால்சியம் அயனிகள் சேர்ந்து ஒரே கட்டாக அமைந்து நீலத்தைத் தருகின்றன என்பது 2005இல்தான் படிக வடிவத்தோடு தெளிவானது. எனவே “நீல மரபணு” என்று பேசுவதே பாதி தவறு. நிறமி, அதன் தோளில் ஏறும் சர்க்கரை, பக்கத்தில் வந்து நிற்கும் துணை நிறமி, உலோகம், சாற்றின் அமிலம் எல்லாம் ஒத்துப்போனால்தான் நீலம்.

இதை நிரூபித்தது செவ்வந்தி. ஜப்பானின் தேசிய வேளாண், உணவு ஆராய்ச்சி அமைப்பைச் சேர்ந்தவர்கள் 2017இல் மெய்யான நீலச் செவ்வந்தியைக் காட்டினார்கள். காம்பானுலா என்ற மணிப்பூவிலிருந்து ஒரு மரபணு; இன்னொன்று நம் வேலியோரச் சங்குப்பூவிலிருந்து. முதலாவது டெல்ஃபினிடினை உண்டாக்கியது, இரண்டாவது அதன் மேல் கூடுதல் சர்க்கரையை ஏற்றியது. அந்தச் சர்க்கரை ஏறியவுடன், செவ்வந்தியில் ஏற்கெனவே இருந்த நிறமற்ற ஃபிளவோன்கள் நிறமியோடு இணங்கிக்கொண்டு நீலத்தைக் கொடுத்துவிட்டன. சங்குப்பூ நிறமியை முழுவதுமாகக் கட்டி எழுப்ப இன்னும் பல படிகள் வேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்குப் பாதி வழியிலேயே கிடைத்த பரிசு அது. செவ்வந்தியின் செல் இடம் கொடுத்தது, ரோஜாவின் செல் கொடுக்கவில்லை. இருந்தாலும் அந்தச் செவ்வந்தி சோதனைக்கூடத்தைத் தாண்டுவது எளிதாக இல்லை. ஜப்பானில் செவ்வந்திக்குக் காட்டு உறவுகள் ஏராளம். மகரந்தம் பறந்துபோய் அவற்றில் கலந்துவிடும் என்ற கவலை நியாயமானது.

மரபணு மாற்றப் பூ தவறிப்போய் வெளியே வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு. பெட்டூனியாவில் இயற்கையாக ஆரஞ்சு கிடையாது. ஜெர்மனியின் கொலோனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1987இல் மக்காச்சோளத்தின் ஒரு மரபணுவைச் செலுத்தி அந்த நிறத்தை வரவழைத்தார்கள். வணிகத்துக்கு விடுவதாக யாரும் அறிவிக்கவில்லை. முப்பது ஆண்டு கழித்துப் பார்த்தால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆரஞ்சுப் பெட்டூனியா தொட்டி தொட்டியாக விற்பனையில் இருக்கிறது! ஹெல்சின்கி ரயில் நிலையத்துக்கு அருகே தொட்டியில் அதைப் பார்த்து ஐயப்பட்ட ஃபின்லாந்து உயிரியலாளர் டேமு டேரி, ஒரு துண்டை எடுத்துப்போய்ச் சோதித்தார். மக்காச்சோள மரபணு இருந்தது. 2017இல் பல நாடுகளில் அந்த ரகங்களை அழிக்க உத்தரவு பறந்தது. இடையில் பல நாற்றங்கால்களுக்குத் தாங்கள் கலப்பு செய்வது மரபணு மாற்றப் பூ என்பதே தெரிந்திருக்கவில்லை. அமெரிக்க வேளாண் துறை பிறகு 2021இல் அதற்கான கட்டுப்பாட்டை நீக்கியது என்பது தனிக் கதை.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இதுதான்: நீலம் போதுமான அளவு வரவில்லை. வந்தவற்றுக்கும் ஒவ்வொரு நாட்டிலும் அனுமதி வாங்கும் செலவு பெரியது. அந்தச் செலவைத் தாங்கும் அளவுக்கு ஒரு நிறத்துக்குச் சந்தை இருக்கிறதா என்று கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் இல்லை.

இனி, யாரும் செய்தியாக்காத ஒரு வேலையைச் சொல்கிறேன். என் பார்வையில் கொய்மலர் மரபியலின் மிக அழகான சாதனை இதுதான்.

கார்னேஷன் பூ வயதாகும்போது தானே எத்திலீன் வாயுவை உண்டாக்கும். அந்த எத்திலீன் மேலும் எத்திலீனைத் தூண்டும். ஓரிரு நாளில் இதழ்கள் உள்பக்கமாகச் சுருண்டு பூ கதை முடிந்துவிடும். இதைத் தடுக்க வணிகத்தில் வெள்ளி தயோசல்ஃபேட் கரைசலில் காம்பை நிறுத்தி எடுப்பார்கள். வெள்ளி கழிவுநீரில் போவது நல்லதல்ல. எத்திலீன் உற்பத்தியை அடக்கும் மரபணு மாற்றக் கார்னேஷன்களும் 1990களில் உருவாக்கப்பட்டன. ஆனால் சந்தையில் நிலைத்தவை நிறம் மாற்றியவைதான்.

ஜப்பானின் சுகுபாவில் இருந்த தேசிய மலரியல் நிறுவனத்தார் வேறு வழியில் போனார்கள். 1992இல் தொடங்கினார்கள். பூவை அறுத்து, மருந்து எதுவும் கலக்காத வெறும் தண்ணீரில், 23 டிகிரி அறையில் வைத்து, எத்தனை நாள் நிற்கிறது என்று எண்ணினார்கள். அதிக நாள் நின்றவற்றை ஒன்றோடொன்று கலந்தார்கள். அந்தப் பிள்ளைகளை வளர்த்து, மறுபடி அறுத்து, மறுபடி எண்ணினார்கள். அவ்வளவுதான்! தலைமுறைக்குத் தலைமுறை நாள்கள் கூடிக்கொண்டே போயின. 2005இல் வெளிவந்த ‘மிராக்கிள் ரூஜ்’, ‘மிராக்கிள் சிம்பொனி’ ரகங்கள், பழைய ‘வைட் சிம்’ ரகத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் பூச்சாடியில் நின்றன. பிறகு உள்ளே பார்த்தபோது, எத்திலீனை உண்டாக்கும் மரபணுக்கள் அந்தப் பூக்களில் ஏறக்குறைய ஓய்ந்துபோயிருந்தன. எந்த மரபணுவை அடக்க வேண்டும் என்று தெரிந்து அடக்கியவர்கள் சந்தையில் நிலைக்கவில்லை. எந்த மரபணு என்றே கவலைப்படாமல் நாள் எண்ணியவர்கள் அதே இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள்.

அப்படியானால் மூலக்கூறு மரபியல் எதற்கு என்று கேட்கலாம். பொறுக்கி எடுப்பதை விரைவாக்குவதற்கு. அதே ஜப்பானில் கார்னேஷனின் பாக்டீரியா வாடல் நோய்க்கு எதிர்ப்பு தேடினார்கள். எதிர்ப்பு, கார்னேஷனின் உறவான ஒரு காட்டு டயாந்தஸ் செடியில் கிடைத்தது. ஆனால் காட்டுச் செடியோடு கலந்தால் பூவும் காட்டுப் பூவாகிவிடும்; திரும்பத் திரும்ப நல்ல கார்னேஷனோடு கலந்து பூவை மீட்க வேண்டும், எதிர்ப்பை மட்டும் விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு முறையும் நோயைச் செலுத்தி எது சாகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் காலம் போய்விடும். எதிர்ப்பு மரபணுவுக்கு அருகில் உள்ள ஒரு டிஎன்ஏ அடையாளத்தைக் கண்டுபிடித்து, நாற்றிலேயே ஓர் இலைத் துணுக்கைக் கிள்ளிச் சோதித்து, இல்லாதவற்றைக் கழித்தார்கள். ‘கரேன் ரூஜ்’ ரகம் அப்படி வந்தது. மரபணு மாற்றம் இல்லை, அனுமதிக்கு அலைச்சல் இல்லை. மரபியலின் உண்மையான பயன் இப்படிப்பட்ட இடங்களில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து மணம். ரோஜாவின் மணத்தில் ஜெரானியால் முக்கியமான பொருள். மற்றச் செடிகள் அதை உருவாக்கும் வழியிலேயே ரோஜாவும் உருவாக்கும் என்று நினைத்துப் பல ஆண்டுகள் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருந்தார்கள். பிரான்சைச் சேர்ந்த குழு ஒன்று, மணம் மிகுந்த ‘பாப்பா மேயான்’ ரோஜாவையும் மணமே இல்லாத ‘ரூஜ் மேயான்’ ரோஜாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த மரபணு ஒன்றில் விழித்திருக்கிறது, மற்றதில் தூங்குகிறது என்று பார்த்தது. 2015இல் அவர்கள் கண்டது நட்எக்ஸ்1 என்ற நொதி. அந்தக் குடும்பத்து நொதிகளுக்கு மணத்தோடு தொடர்பு இருக்கும் என்று யாரும் எண்ணியதே இல்லை.

ஆகவே இன்று ரோஜா நாற்றில் மணம் வருமா வராதா என்பதை முன்கூட்டிக் கணிப்பதற்கு ஒரு பிடி இருக்கிறது. ஆனாலும் உங்கள் குடிலில் மணமுள்ள கொய்மலர் ரோஜா ஏன் இல்லை? ஏலத்தில் யாரும் பூவை முகர்ந்து விலை சொல்வதில்லை. காம்பின் நீளம், மொட்டின் பருமன், பெட்டிக்குள் நசுங்காத இதழ், ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை காம்பு, தண்ணீரில் எத்தனை நாள்: இவற்றுக்குத்தான் காசு. பல தலைமுறைகளாக இவற்றை மட்டுமே பார்த்துப் பொறுக்கினால், கேட்பாரற்ற பண்பு ஒவ்வொன்றாக உதிர்ந்துபோகும். விமானத்தில் ஏறும் பூவுக்கு மணத்தைத் திரும்பக் கொடுப்பது விஞ்ஞானத்தால் முடியும். அதற்கு யார் கூடுதலாகப் பணம் தருவார்கள் என்பதற்கு விஞ்ஞானத்திடம் பதில் இல்லை. உள்ளூரில் திருமணத்துக்குப் பூ விற்கும் சந்தை வேறு மாதிரி. அங்கே மணத்துக்கு மதிப்பு உண்டு. நீங்கள் சொந்த ரகம் உருவாக்க நினைத்தால், கொய்மலர் ரகங்களை விற்கும் ஹாலந்துக்காரர்கள் எட்டிப் பார்க்காத அந்த மூலையைத்தான் முதலில் யோசிப்பேன்.

சரி, எப்படி உருவாக்குவது? ரோஜாக் கலப்பு கையால் செய்யும் எளிய வேலைதான். தாய்ச்செடியின் மொட்டு விரியத் தொடங்கும் நிலையில், மகரந்தப் பைகள் வெடிப்பதற்கு முன், இதழ்களை உரித்துவிட்டு மகரந்தப் பைகளை இடுக்கியால் ஒன்றுவிடாமல் கிள்ளி எடுக்க வேண்டும். நடுவில் சூல்முடிக் கற்றை மட்டும் மொட்டையாக நிற்கும். காகித உறையால் மூடி, மறுநாள் சூல்முடி பிசுபிசுப்பாக மினுமினுக்கும்போது தந்தையின் மகரந்தத்தைத் தூரிகையாலோ விரல் நுனியாலோ தடவி, மறுபடி மூடிப் பெயரட்டை கட்டிவிட வேண்டும். காய் முற்ற நான்கு மாதம் பிடிக்கும். விதையை ஈரப்பதத்தோடு குளிர்ப்பெட்டியில் சில வாரங்கள் வைத்தால்தான் முளைக்கும். அப்போதும் பாதிக்கு மேல் முளைக்காமல் ஏமாற்றுவது ரோஜாவின் வழக்கம். முளைத்தவை இரண்டு மாதத்தில் முதல் பூவைக் காட்டும்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இன்றைய கொய்மலர் ரோஜாக்களில் பெரும்பாலானவை நான்மடியம். 7 குரோமோசோம்களின் தொகுதி நான்கு முறை, மொத்தம் 28. மெண்டலின் பட்டாணிக் கணக்கில், ஒடுங்கு பண்பு (ஓங்கு பிரதி கூட இருந்தால் வெளியே தெரியாத பண்பு) ஒன்று நான்கு பிள்ளைகளில் ஒன்றில் வெளிப்படும். நான்மடியத்தில், இரண்டு ஓங்கு பிரதியும் இரண்டு ஒடுங்கு பிரதியும் உள்ள செடியைத் தன்மகரந்தச் சேர்க்கை செய்தால் 36இல் ஒன்றில்தான் வெளிப்படும். செவ்வந்தி அறுமடியம், அங்கே மூன்றுக்கு மூன்று என்றிருந்தால் 400இல் ஒன்று. ஒரு பண்புக்கே இந்தக் கணக்கு. நிறம், நீளம், முள் குறைவு, நோயெதிர்ப்பு என்று நான்கைந்து பண்புகளை ஒரே செடியில் கேட்டால் பெருக்கிப் பாருங்கள்! பெரிய நிறுவனங்கள் ஆண்டுதோறும் பல்லாயிரம் நாற்றுகளை வளர்த்துக் கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்கே ரகங்களை வெளியிடுவதும், ஒரு கலப்பு சந்தைக்கு வர ஏழிலிருந்து பத்து ஆண்டு ஆவதும் இதனால்தான்.

காட்டு ரோஜாவைக் கொண்டுவந்தால் இன்னொரு தடை. உங்கள் குடிலில் ஆண்டு முழுவதும் பூ அறுக்கிறீர்கள் அல்லவா, அது ஓர் உடைந்த மரபணுவின் கொடை. பூப்பதை அடக்கிவைக்கும் கேஎஸ்என் என்ற மரபணுவுக்குள் எப்போதோ ஒரு தாவும் டிஎன்ஏ துண்டு புகுந்து அதைச் செயலிழக்கச் செய்துவிட்டது. சீன ரோஜாக்களில் நடந்த அந்த விபத்து 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பா போய்ச் சேர்ந்தது. இன்றைய ரோஜாத் தொழிலே அதன் மேல்தான் நிற்கிறது. ஆனால் அது ஒடுங்கு பண்பு. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பூக்கும் காட்டு ரோஜாவோடு கலந்தால் முதல் தலைமுறையும் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பூக்கும் செடியாகவே வரும். கொடைக்கானலில் பல பத்தாண்டுகளாக ரோஜாக் கலப்பு செய்த வீரராகவன் தம்பதியைத்தான் இங்கே சொல்ல வேண்டும். வடகிழக்கு மலைகளின் ரோஜா ஜைகான்டியாவையும், சமவெளி ஈரத்தில் வளரும் ரோஜா கிளைனோஃபில்லாவையும் எடுத்து, வெப்பத்தைத் தாங்கும் ரோஜாக்களுக்காக அவர்கள் பொறுமையாக உழைத்தது இந்தத் தடையைத் தெரிந்துகொண்டுதான். கோவையில் கரும்பு ஆராய்ச்சி செய்த மரபியலாளர் ஜானகி அம்மாளின் பெயரை ஒரு மஞ்சள் ரோஜாவுக்கு வைத்ததும் அவர்கள்தான். அவை தோட்ட ரோஜாக்கள். பெட்டியில் அடுக்கி அனுப்பும் ரகங்கள் அல்ல. ஆனாலும் நம் வெப்பத்துக்கு ஏற்ற இரத்தம் அங்கேதான் இருக்கிறது.

உங்களுக்குக் கைக்கு எட்டும் வழிகள் இரண்டு என்று நினைக்கிறேன். ஒன்று, ரோஜாவை விட்டுவிட்டு ஜெர்பராவில் கலப்பைத் தொடங்குவது. அது இருமடியம், 50 குரோமோசோம்கள், மெண்டல் கணக்கே செல்லும். ஓரத்து நாக்குப் பூக்கள் பெண் பூக்கள் மட்டுமே. நடுவட்டில் மகரந்தம் வெளிவருவதற்கு முன் அவற்றில் வெளி மகரந்தத்தைத் தடவினால் போதும், இடுக்கி வேலையே இல்லை. விதை ஒரு மாதத்தை ஒட்டி முற்றும். நல்லது ஒன்று கிடைத்தால் திசு வளர்ப்பில் பெருக்கலாம். எளிய கலப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சம்பங்கியைப் பாருங்கள். ஹேசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தார் ஒற்றையையும் அடுக்கையும் கலந்து ‘ஷ்ருங்கார்’ எடுத்தார்கள். அதை ‘மெக்சிகன் சிங்கிள்’ ரகத்தோடு கலந்து ‘பிரஜ்வல்’ எடுத்தார்கள். இரண்டே கலப்புகள்தான்.

மற்றொன்று, கண்ணைத் திறந்து வைத்திருப்பது. ஆயிரக்கணக்கான செடிகள் நிற்கும் குடிலில் என்றாவது ஒரு கிளை மட்டும் வேறு நிறத்தில் பூக்கும். வெள்ளைச் செவ்வந்தியில் மஞ்சள் கிளை வருவதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் செவ்வந்தி மஞ்சள் நிறமியை உண்டாக்காமல் இல்லை; உண்டாக்கியதை ஒரு நொதி சிதைத்துவிடுகிறது. அந்த நொதியின் மரபணு பழுதானால் மஞ்சள் வெளியே தெரிகிறது. அதனால்தான் வெள்ளையிலிருந்து மஞ்சள் எளிதாக வருகிறது. ‘வைட் சிம்’ கார்னேஷனும் சிவப்பு ‘வில்லியம் சிம்’ ரகத்திலிருந்து இப்படிக் கிளைத்ததுதான். காமாக் கதிரைச் செலுத்தி இந்த விபத்துகளை வேண்டுமென்றே அடிக்கடி நிகழச் செய்யலாம். டெல்லியில் உருவான ‘அபிசாரிகா’ ரோஜா அந்த வகை.

அந்தக் கிளையைக் கண்டவுடன் ஒரு மொட்டை எடுத்து ஒட்டுக் கட்டுங்கள். அதில் வரும் பூவைப் பார்த்து மறுபடி ஒட்டுக் கட்டுங்கள். மூன்று சுற்று நிறம் மாறாமல் நின்றால்தான் நம்பலாம். இதழின் நிறம் மேல்தோல் அடுக்கில் இருக்கிறது. பல நேரம் அந்த அடுக்கு மட்டும்தான் மாறியிருக்கும், உள்ளே பழைய செடியே இருக்கும். விதை உள் அடுக்கிலிருந்து வருவதால் மாற்றம் விதைக்குள் போகாது. சன்டோரியின் ‘அப்ளாஸ்’ ரோஜாவிலும் புகுத்திய மரபணு மேல்தோல் அடுக்கில் மட்டுமே இருக்கிறது, மகரந்தத்துக்குள் போவதில்லை. அனுமதி வாங்கும்போது அது அவர்களுக்குச் சாதகமான வாதமாயிற்று.

மரபணுத் திருத்தம் பற்றியும் கேட்பீர்கள். வேற்று மரபணு எதையும் சேர்க்காத திருத்தங்களுக்கு 2022 மார்ச்சில் இந்திய அரசு மரபணு மாற்றப் பயிர்களுக்கான கடும் விதிகளிலிருந்து விலக்கு அளித்துவிட்டது. ஜப்பானியர்கள் 2017இல் ஊதா மார்னிங் குளோரியின் ஒரே ஒரு மரபணுவை வெட்டி வெள்ளையாக்கிக் காட்டினார்கள். இருப்பதை அணைக்க இது அருமையான கருவி. ரோஜாவில் ஒரு மரபணுவுக்கு நான்கு பிரதிகள் என்பதால் நான்கையும் வெட்ட வேண்டும். வெட்டிய ஒற்றைச் செல்லிலிருந்து முழுச் செடியை எழுப்ப வேண்டும். ரோஜா அதற்கு அவ்வளவு எளிதில் இசைவதில்லை. இது தனி விவசாயியின் வேலை அல்ல. பல்கலைக்கழகத்தோடு சேர்ந்துதான் முடியும்.

சட்டத்தில் மட்டும் கவனமாக இருங்கள். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு, உழவர் உரிமைகள் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட ரகத்தைக் கலப்புக்கு ஒரு தாயாகப் பயன்படுத்திப் புது ரகம் உருவாக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒவ்வொரு முறையும் அதையே பயன்படுத்தித்தான் விதை உண்டாக்க வேண்டும் என்ற நிலை இருந்தால் உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். ஆனால் ராயல்டி கட்டும் ரோஜாவில் தோன்றிய கிளை மாற்றம், சட்டத்தின் பார்வையில் அந்த ரகத்திலிருந்தே பெறப்பட்ட ரகமாகக் கருதப்பட வாய்ப்பு அதிகம். அங்கேயும் மூல ரகத்தின் உரிமையாளரிடம் ஒப்புதல் பெற வேண்டியிருக்கும். பாதுகாப்புக் காலம் முடிந்த பழைய ரகங்களில் தேடினால் இந்தத் தொல்லை இல்லை. உங்களுடையது என்று உறுதியானால் முதலில் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். விற்கத் தொடங்கி ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டால் புதுமை போய்விட்டது என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிடுவார்கள்.